எரிந்த காமனும் எரியாத காமனும்

சென்ற மாசித் திங்களில், ஒரே வாரத்துள், காமன் எரிவதை இருமுறை கண்டேன். முதன்முறை அவன் எரிந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காமன் பொட்டலில். பனி கொட்டும் பின்னிரவில், மெய்யான நெருப்பில். மறுமுறை எரிந்தது அட்டன் நகருக்கு அணித்தான ஒரு பாடசாலை மண்டபத்தில். பிற்பகல் மூன்று மணிக்கு, சிவப்பு மின்விளக்கின் ஒளியில். முன்னதைக் காண இரவு முழுவதும் கம்பளி போர்த்து நின்றேன். பின்னது ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. இவ்விரண்டில் எது கூத்து என்று நண்பர் ஒருவர் கேட்டார். அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

தோட்டப்புறம் அறியாத வாசகர்க்கு முதலில் ஒரு சொல். 1823ஆம் ஆண்டு முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் தேயிலை வேரூன்றிய பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், தலைச்சுமையோடு தம் கூத்துக்களையும் கொண்டுவந்தனர். அவற்றுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் மூன்றும் இன்றும் இம்மலைகளில் ஆடப்பெறுவன. இவற்றுள் காமன் கூத்தே எங்கள் மக்களின் நெஞ்சுக்கு நெருங்கியது. கதை யாவரும் அறிந்ததே. தவத்தில் அமர்ந்த சிவனின் உள்ளத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகின்றனர். ரதி தடுக்கிறாள், அவன் கேளாது செல்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனுக்கு மீண்டும் உயிர் தருகிறான்.

கதை இவ்வளவே. ஆயினும் தோட்டத்தில் அது ஓர் இரவில் முடியும் கதையன்று. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் பொட்டலில் கம்பம் நடுவர். வேடம் கட்டுவோர் அன்றிலிருந்து விரதம் காப்பர். புலாலும் மதுவும் தீண்டார். ஒவ்வோர் இரவும் கம்பத்தைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நிகழும். ரதி மதன் திருமணத்தன்று லயங்கள் இரண்டாய்ப் பிரிந்து, மேல் லயம் பெண் வீடாகவும் கீழ் லயம் மாப்பிள்ளை வீடாகவும் நின்று சீர் கொண்டுசெல்வதை எங்கள் தோட்டத்தில் நான் கண்டிருக்கிறேன். இறுதி இரவில் வேடக்காரர் லயம் லயமாக வலம் வருவர். ஒவ்வோர் இஸ்தோப்பின் முன்னும் விளக்கேற்றி அவர்களை வரவேற்பர். ரதியாக வருபவர் பகலில் கவ்வாத்து வெட்டும் ஆண்மகன் என்பதை எல்லாரும் அறிவர். அறிந்தும், அவர் அழும்போது அழுவர்.

அந்த அழுகையின் பொருளை நான் உணர்ந்தது 1971ஆம் ஆண்டில். எனக்கு அப்போது வயது பதினான்கு. 1964இல் சிறிமாவோவும் சாத்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் நாங்கள் கணக்கிடப்பட்டிருந்தோம். எஞ்சிய 1,50,000 பேரின் கணக்குப் பின்னர் 1974இல் தீர்ந்தது. எங்கள் லயத்திலேயே ஒரு காம்பராவுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் அடுத்த காம்பராவுக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் என்றிருந்த காலம். அந்த மாசியில் மன்மதனாக ஆடியவர் சித்திரையில் தலைமன்னார்க் கப்பலுக்குப் போகவேண்டியவர். ‘போகாதே’ என்று ரதி அவரை மறித்துப் பாடியபோது, பொட்டலில் நின்ற பெண்கள் வாய்விட்டுக் கதறினார்கள். அவர்கள் அழுதது சிவனின் நெற்றிக்கண்ணுக்கு அஞ்சியா? இல்லை. கதையின் ஒரு சொல்லையும் எவரும் மாற்றவில்லை. மேடை இல்லை, ஒளியமைப்பு இல்லை. ஆயினும் அன்று நடந்தது முற்றிலும் அவ்வாண்டின் நாடகம். பழைய கூத்துப் பழையதாகவே இருந்துகொண்டு புதிதாகும் விந்தையை அன்று கண்டேன்.

இந்நினைவோடு வாழ்ந்த எனக்கு, பாடசாலை மண்டபத்து அழைப்பிதழ் வந்தபோது உள்ளூர ஒரு வெறுப்பு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. பதினாறு நாளை ஐம்பது நிமிடமாக்குவதா? கம்பம் ரெஜிபோமில் செய்ததாம். நெருப்புக்குப் பதில் சிவப்பு விளக்காம். ரதியாக ஒரு மாணவி நடிக்கிறாளாம். தனியே போக மனமின்றி, எங்கள் தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூத்துப் பழக்கிவரும் முதியவரை உடன் அழைத்துச் சென்றேன். தோட்டம் முழுவதும் அவரை ‘மாஸ்டர்’ என்றழைக்கும். நான் சிறுவயது முதல் ‘மாமா’ என்றே அழைப்பேன். எண்பதைத் தாண்டியவர். அவர் பாதியில் எழுந்து போய்விடுவார், நானும் அவரைச் சாக்கிட்டு எழுந்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

அவர் எழவில்லை. கைத்தடியில் மோவாயை ஊன்றி, இமையாது பார்த்திருந்தார். மாணவி நன்றாகவே பாடினாள். சிவப்பு ஒளி பரவி மன்மதன் வீழ்ந்தபோது அவையோர் கரவொலி எழுப்பினர். திரை விழுந்ததும் அவர் பக்கம் சாய்ந்து, “என்னா மாமா, இப்படி லைட்டுல எரிக்கிறாங்களே?” என்றேன்.

“நெருப்பு எதுல வச்சா என்னா தம்பி? ஹாலுக்குள்ள வைக்கோலக் கொளுத்த முடியுமா? பொடியனுங்க நல்லாத்தான் செஞ்சிருக்காங்க.”

“அப்ப கொறையே இல்லையா?”

“கொறை கண்ணுல இல்ல, காதுல இருக்கு. காமன் எரிஞ்சு சாம்பலாயிட்டான். இவனுங்க இன்னும் கலியாண அடியே அடிச்சிக்கிட்டு இருக்கானுங்க.”

அச்சொல் என்னைத் திடுக்கிட வைத்தது. ஏனெனில் நான் அதைக் கவனித்திருக்கவேயில்லை.

தப்பு என்பது தோட்டத்தின் நாவு. அதிகாலையில் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. கோயில் கும்பத்தை அழைத்து வருவதும் தப்பு. கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி. மலையின் அந்தப் பக்கத்து லயத்தில் ஒலிக்கும் தப்பைக் கேட்டு, அங்கே மாலை மாற்றுகிறார்களா, பாடை கட்டுகிறார்களா என்பதை இந்தப் பக்கத்தில் கொழுந்து கொய்பவர் சொல்லிவிடுவர். காமன் எரிந்த கணத்தில் தப்பு ஒரு மூச்சு நிற்கும். பின் சாவு அடி எழும். பகலெல்லாம் மலையேறிய களைப்பில் காம்பராவுக்குள் உறங்கிப்போன பெண்களும் அந்த ஒலி கேட்டு எழுந்து உட்கார்வர். கண்ணால் காணாதவர்க்கும் காமன் இறந்தான் என்பது தெரிந்துவிடும். மண்டபத்திலோ கண்ணுக்கு எல்லாம் இருந்தது. இறந்தவனுக்கு இறந்தவனுக்குரிய ஒலிதான் இல்லை.

பழைய நாடகத்தைப் புதிய முறையில் மேடையேற்றலாமா என்னும் வழக்கு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மேனாட்டார் ஒப்பேரா எனப் போற்றும் இசை நாடக உலகில் இது நெடுநாளாக நடைபெறும் வழக்கு. செருமானிய இசைமேதை வாக்னர் தம் படைப்புக்களுக்கென்றே பைரோய்த் நகரில் அரங்கம் அமைத்து, 1876இல் ‘நிபெலுங்கின் மோதிரம்’ என்னும் நான்கு நாடகத் தொடரை முழுமையாக அரங்கேற்றினார். அதன் நூற்றாண்டு நிறைவாகிய 1976இல், அதே அரங்கில் பத்ரிஸ் செரோ என்னும் இளம் பிரெஞ்சு நெறியாளர் அத்தொடரை மீண்டும் மேடையேற்றினார். தேவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வரின் உடையில் வந்தனர். ரைன் நதிக் கன்னியர் நீந்திய இடத்தில் ஒரு நீர்மின் அணை நின்றது. பார்வையாளர் கூச்சலிட்டனர், சீழ்க்கை அடித்தனர். ஆனால் அதே நாடகம் இறுதியாக 1980இல் ஆடப்பட்டபோது, அதே அரங்கில் கரவொலி நெடுநேரம் ஓயவில்லை.

நதித் தெய்வங்களின் இடத்தில் அணை நிற்பதைக் கண்டு ஐரோப்பியர் ஏன் சினந்தனர் என்பது அட்டன் வாசிக்கு எளிதில் விளங்காது. நாங்கள் காசல்ரீ அணைக் கரையில் வாழ்பவர்கள். 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் இன்றும் தலைகாட்டும். ‘ஆற்றைப் பறித்தவன் கதை’ என்று செரோ காட்டியதை எங்கள் ஊர்க் கிழவிக்குச் சொன்னால், “ஆமா, அதுக்கென்ன?” என்பாள். செரோவின் புதுமை பொருளற்ற புதுமையன்று. கதையின் உள்ளே இருந்ததைத் தம் காலத்தார் அறிந்த பொருளால் அவர் காட்டினார்.

ஆனால் இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி வேறு. செரோ உடையை மாற்றினார், காட்சியை மாற்றினார், வாக்னர் எழுதிய சுரங்களை மாற்றவில்லை. இசைக்குழுவை நடத்திய பியர் பூலேயும் வாக்னரின் சுரத்தாளைக் கொண்டே நடத்தினார். மேனாட்டு இசை நாடகத்தில் இசை எழுத்தில் இருக்கிறது. நூறு நெறியாளர் நூறு விதமாக அலங்கரித்தாலும், விரும்புவோர் திரும்பிச் செல்ல அந்த ஏடு அங்கே இருக்கும். ஆகவே அவர்தம் வழக்குப் பெரும்பாலும் கண்ணைப் பற்றிய வழக்கு. நமக்கோ அத்தகைய ஏடு இல்லை. காமன் கூத்தின் பாட்டுக்கள் சில அச்சேறியிருக்கலாம். எந்தப் பாட்டுக்கு எந்த அடி, எங்கே நிற்பது, எங்கே எழுவது என்பது மாஸ்டரின் விரலில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அவ்விரல் ஓய்ந்தால் ஏடும் எரிந்தது.

இதனை நன்கு உணர்ந்து புதுமை செய்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்தனர். 1956இல் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். யப்பானின் நோ, கபுகி நாடகங்களைக் கண்டு வந்தவர் அவர். ஆயினும் தம் நாடகத்துக்கு வடிவம் தேடியது ‘நாடகம’ என்னும் பழைய ஆட்டத்தில். அந்த நாடகமவோ தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் வழிவந்தது. அது கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் கூத்துக்கு நாமே உயிர் கொடுப்போம் என முனைந்து, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலிவதை’ ஆகியவற்றை அரங்கேற்றினார். மட்டக்களப்பில் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடங்கியது. ‘கூத்தைக் கொன்றார்’ என்றோரும் உண்டு. ‘கூத்தை மீட்டார்’ என்றோரும் உண்டு. பிற்காலத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் ஊரவரும் கூத்தை மேடைக்குக் கொண்டுசெல்லாமல், அதன் களரியிலேயே, ஊர் மக்களுடன் கூடி மீளுருவாக்கம் செய்ய முயன்றதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே.

நான் இருசாராரின் நியாயத்தையும் மதிக்கிறேன். ஆயினும் வித்தியானந்தனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கூத்தைச் சுருக்கியபோது தனியே அமர்ந்து சுருக்கவில்லை. கூத்தறிந்த அண்ணாவியாரை மட்டக்களப்பிலிருந்து வரவழைத்து, ஆட்டத்தையும் மத்தளத்தையும் அவரிடமே மாணவர் பயிலச் செய்தார். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டனர். எங்கள் மண்டபத்து மாணவரோ விட்டது இன்னதென்று அறியாமலே விட்டனர். குறைத்தவருக்கும் இழந்தவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மாணவரைக் குறைகூறி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அவர்கள் ஏன் சாவு அடியை அறியவில்லை? சாவு அடியைச் சாவு வீட்டில்தான் கற்க முடியும். அங்கே தப்பெடுத்தவன் ‘இன்ன சாதி’ என்று காலமெல்லாம் குறிக்கப்பட்டான். முற்றத்தில் நின்று அடித்தவனுக்குத் தனிக் கோப்பையில் தேநீர் கொடுத்த கைகளை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கைகளும் அவற்றுள் அடங்கும். மாஸ்டரின் மகனே தப்பைத் தொடமாட்டேன் என்று கொழும்புக்குப் போய் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். அவனை நான் குறைசொல்வேனா? பொட்டலில் அவமதிப்பாக இருந்த அத்தப்பை, மண்டபத்தில் மூன்று மாணவர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து, அதிபரும் விருந்தினரும் பார்த்திருக்க, நிமிர்ந்து நின்று அடித்தார்கள். பெயர் சொல்லி அறிமுகம் செய்யப்பட்டார்கள். பெண்ணின் துயரைப் பெண்ணே பாடினாள். பொட்டல் நூறாண்டாகத் தராத இம்மதிப்பை ஐம்பது நிமிட மேடை தந்தது. மரபு மரபு என்று பேசும் என் போன்றோர் இதனை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது நேர்மையன்று.

நிகழ்ச்சி முடிந்து தேநீர் வழங்கியபோது அம்மாணவி வேடம் களையாமலே எங்களிடம் வந்தாள்.

“தாத்தா, சரியா பாடினேனா?”

“நல்லாப் பாடுன பாப்பா. ஆனா ஒன் புருசன் செத்தது தப்புக்காரனுக்குத் தெரியல.”

அவள் சிரித்தாள்; பின் பொருள் புரிந்து முகம் மாறினாள். “எங்களுக்கு அந்த ஒரு அடிதான் தெரியும் தாத்தா. யாரும் சொல்லித் தரல. நீங்க சொல்லித் தாரீங்களா?”

“தாரேன். ஞாயித்துக்கெழம லயத்துக்கு வா. அந்தப் பொடியனுங்களையும் கூட்டிக்கிட்டு வா. ஆனா மேடைக்குன்னு சொல்லித் தரமாட்டேன். வாற மாசியில பொட்டல்ல நின்னு முழுசா ஆடணும். அதுக்குப் பொறகு எத்தன நிமிசத்துக்கு வேணும்னாலும் வெட்டிக்கங்க.”

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு கேட்டாள்: “பொட்டல்ல பொம்பளப் புள்ள ரதி வேசம் கட்ட விடுவாங்களா தாத்தா?”

ஐம்பது ஆண்டுகளாக ஆண்களுக்கே ரதி வேடம் கட்டிவிட்ட முதியவர் உடனே விடை கூறவில்லை. தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். “அது நான் ஒருத்தன் சொல்லுற காரியமில்ல. கம்பம் நடுறவங்க எல்லாரும் கூடிப் பேசணும்” என்றார். சிறிது நேரம் கழித்து, “நான் பேசுறேன்” என்றார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் அம்மாணவியும் இரு மாணவரும் அவர் இஸ்தோப்பில் அமர்ந்து பயில்கின்றனர். மூன்றாமவனை அவன் வீட்டார் விடவில்லை. காரணத்தை நான் எழுதத் தேவையில்லை. சாவு அடி பழகும்போது அக்கம்பக்கத்தார் அஞ்சுவதால், ஒவ்வொரு முறையும் லயத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டே தொடங்குகின்றனர். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, எந்தப் பாட்டு, எந்த அடி, எங்கே நிற்பது என்று குறித்துக்கொள்கிறேன். எழுத்தில் அகப்படுவது பாதியே. மற்றப் பாதியை மாஸ்டர் என் முழங்காலில் தட்டிக் காட்டுகிறார். ஆசிரியர்களாகிய என் வாசகரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பாடசாலை மேடையில் அடுத்த முறை கூத்தொன்றைச் சுருக்கமாக ஆட எண்ணினால், தடையின்றி ஆடுங்கள். ஒத்திகை தொடங்குமுன், பக்கத்துத் தோட்டத்தில் அக்கூத்தை முழுமையாக அறிந்தவர் எவரேனும் இருக்கிறாரா என்று தேடிச் செல்லுங்கள். அவருக்கு நாற்காலியும், கைக்கூலியும், நிகழ்ச்சி நிரலில் பெயரும் கொடுங்கள்.

தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகைதோறும் லாவணிப் பாடகர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடும் வழக்கம் இருந்தது. ‘காமன் எரிந்தான்’ என்பது ஒரு கட்சி. ‘எரியவில்லை’ என்பது மறுகட்சி. அவ்வாதம் முடிந்ததேயில்லை, முடியாமையே அதன் சுவை. என் நண்பருக்கு நான் கூறும் விடையும் அத்தகையதே. நெருப்பில் எரிந்தவனும் காமனே. விளக்கில் எரிந்தவனும் காமனே. அவனுக்காகத் தப்பின் அடி மாறியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் மாசிப் பிறையில் பொட்டலில் கம்பம் நடுவார்கள். அதற்குமுன் கூடும் கூட்டத்தில் மாஸ்டர் பேசப்போகிறார். ரதி வேடம் யாருக்கு என்பது அன்று தெரியவரும். நான் கம்பளியை இப்போதே வெயிலில் காயப்போட்டு வைத்திருக்கிறேன்.